உளியாக இருக்கக் கூடாத திருப்புளி

பழைய துப்பாக்கி ஒன்றைக் கழற்ற உட்கார்ந்த முதல் பத்து நிமிடத்திலேயே, அதன் பூட்டை, அதாவது சுடும் பொறியமைப்பை, பிடித்திருந்த திருகாணியின் தலையைச் சிதைத்துவிட்டேன். கடையில் வாங்கிய, பார்வைக்கு நேர்த்தியான, கைப்பிடியில் ரப்பர் போர்த்திய திருப்புளிதான் என் கையில் இருந்தது. அழுத்தித் திருப்பியபோது அதன் முனை பள்ளத்தைவிட்டு மேலேறி வழுக்கி, திருகாணித் தலையின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டு போய், துப்பாக்கியின் மேப்பிள் கட்டையில் நகக்கீறல் போல ஒரு கோடும் போட்டுவிட்டு நின்றது. கடந்த இரண்டு குளிர்காலங்களில் அந்தத் துப்பாக்கியைத் தொட்ட நேரத்தைவிட, அதற்கான கருவிகளைச் செய்த நேரமே எனக்கு அதிகம். அதற்கு அந்தக் கோடுதான் காரணம்.

முதலில் துப்பாக்கியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் வசிப்பது அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், நாசரேத் என்னும் சிற்றூருக்குப் பக்கத்தில். பதினெட்டாம் நூற்றாண்டில் இம்மாநிலத்தில் குடியேறிய, ஜெர்மன் மொழி பேசிய கொல்லர்கள், தாங்கள் பிறந்த மண்ணில் செய்து பழகிய குட்டையான, தடித்த வேட்டைத் துப்பாக்கியை இங்குள்ள காடுகளுக்கு ஏற்ப நீட்டியும் மெலித்தும், நாளடைவில் பென்சில்வேனியா நீள்துப்பாக்கி என்று பெயர்பெற்ற ஒரு தனி இனமாகவே ஆக்கிவிட்டார்கள். 42 அங்குலமும் அதற்கு மேலும் நீளும் எண்பட்டைக் குழல், குழலின் வாய்வரை ஓடும் மேப்பிள் கட்டை, பக்கவாட்டில் சக்கிமுக்கிக் கல்லைக் கவ்வி நிற்கும், குதிரை என்னும் அடிக்கும் உறுப்பு ஆகியவை இதன் அடையாளங்கள். லங்காஸ்டரில் பட்டறை வைத்திருந்த ஜேக்கப் டிக்கர்ட்டின் பெயர் இன்றும் இத்துறையினரின் வாயில் புழங்குகிறது. நாசரேத்தை அடுத்த ஜேக்கப்ஸ்பர்க்கில், ஹென்றி குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகத் துப்பாக்கி செய்த இடத்தில், நீள்துப்பாக்கிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. இந்த நாசரேத்தை உருவாக்கிய மொரேவியச் சகோதரர்கள் என்னும் கிறித்தவ சபையினர்தாம் 1760-இல் நம் தரங்கம்பாடியிலும் வந்திறங்கித் தங்களுக்கென ஒரு தோட்டக் குடியிருப்பை அமைத்தார்கள் என்பதை இங்கு வந்து பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன். இந்தப் பதிவுக்கு அது தேவையில்லைதான். ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

என்னிடம் வந்து சேர்ந்தது அந்தக் காலத்துத் துப்பாக்கி அல்ல. இம்மாநிலம் 1974-இல், சக்கிமுக்கிக் கல்லால் பற்றவைக்கும் இத்தகைய தீக்கல் துப்பாக்கிகளுக்கென்று தனியாக ஒரு மான்வேட்டைப் பருவத்தைத் தொடங்கியது. அதை நம்பி, அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவர், பழைய வடிவத்தைப் பின்பற்றிய உதிரிப் பாகங்களை வாங்கி, அவசரமாகப் பூட்டி, சில ஆண்டுகள் பயன்படுத்திவிட்டு நிலவறையில் சாத்தி வைத்திருந்தார். வீட்டைக் காலி செய்யும்போது அதை என்னிடம் கொடுத்தார். திருகாணிகள் துருவேறி இறுகியிருந்தன. குழல் தன் பள்ளத்தில் சரியாகப் படியாமல், ஒரு முனையை அழுத்தினால் மறுமுனை எழும்பியது.

சட்டத்தையும் இங்கேயே பேசிவிடுவது நல்லது. குழல்வாய் வழியாகக் கருமருந்து இட்டு நிரப்பும் இவ்வகைத் துப்பாக்கிகளை, அமெரிக்கக் கூட்டரசின் 1968-ஆம் ஆண்டுச் சட்டம் பழம்பொருள் வகையில் சேர்த்து, மற்ற துப்பாக்கிகளுக்குரிய விதிகளிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. மாநிலங்களின் சட்டங்கள் வேறுபடும். இந்தியாவிலோ நிலைமை நேர்மாறானது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்படி, செய்வதற்கு மட்டுமல்ல, பழுதுபார்ப்பதற்கும் உரிமம் வேண்டும். ஆகவே ஊரில் இருந்துகொண்டு இதைப் படிப்பவர்கள் துப்பாக்கியை மறந்துவிட்டுக் கருவிகளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பழைய தையல் இயந்திரத்துக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் பித்தளைப் பூட்டுக்கும் இவை அப்படியே பொருந்தும். நான் செய்திருப்பவை அனைத்தும் கழற்றவும், துடைக்கவும், மரத்தைச் சீவவும், மறுபடி பூட்டவும் உதவுபவைதாம். குழலைத் தொடும் வேலை எதையும் நான் செய்வதில்லை.

கழற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு காரியத்துக்குக் கடையில் வாங்க வேண்டிய கருவி ஏதுமில்லை, குழலுக்குள் மருந்தையும் குண்டையும் இடித்து இறக்கும் கஜக்கோல் போதும். அதைக் குழல்வாய் வழியே அடிவரை இறக்கி, வாயருகே விரலால் பிடித்துக்கொண்டு வெளியே எடுத்து, அதே கோலைக் குழலின் வெளிப்புறத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பற்றவைக்கும் துளை இருக்கும் இடத்துக்கு நேராகக் கோலின் நுனி வந்தால் குழல் காலி. விரற்கடை அளவு முன்னதாகவே நின்றுவிட்டால் உள்ளே மருந்தும் குண்டும் இருக்கின்றன என்று பொருள். பரணிலும் நிலவறையிலும் கிடந்த பழைய துப்பாக்கிகள் நிரப்பப்பட்ட நிலையிலேயே கிடைப்பது இங்கே அரிதல்ல. கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் நீண்ட காலத்துக்குக் கெடுவதில்லை. நான் ஒரு நீண்ட மரக்கோலில் வெள்ளைக் கோடு ஒன்றை வரைந்து அதற்கெனவே வைத்திருக்கிறேன். உண்மையில் நான் செய்த முதல் கருவி அதுதான்.

இனித் திருப்புளிக்கு வருவோம். திருப்பும் உளி என்பதே சொல்லின் பொருள், நல்ல சொல். ஆனால் கோளாறு தொடங்குவதும் அந்த உளியில்தான். கடைத் திருப்புளியின் முனையைப் பக்கவாட்டில் பார்த்தால், அது உளியைப் போலவே மேலே தடித்து, கீழே வரவர மெலிந்து, ஆப்பு வடிவில் இருக்கும். அப்படிச் செய்வது மலிவு. மேலும், ஒரே முனை அகலம் குறைந்த பள்ளத்திலும் கூடிய பள்ளத்திலும் ஒருவாறு நுழைந்துவிடும். துப்பாக்கித் திருகாணியின் பள்ளமோ ஆப்பு வடிவில் வெட்டப்பட்டதல்ல. இரு சுவர்களும் இணையாக, ஒடுக்கமாக, செங்குத்தாக இறங்கும். இணைச் சுவர்களுக்கிடையே ஆப்பு போனால் என்ன ஆகும்? பள்ளத்தின் மேல் விளிம்புகளில் மட்டும் அது உரசி நிற்கும். அடியில் இடைவெளி இருக்கும். திருப்பும் விசையில் ஒரு பங்கு அந்தச் சரிவின் வழியே மேல்நோக்கித் திரும்பி, முனையைப் பள்ளத்துக்கு வெளியே தள்ளும். அதைத் தடுக்க நாம் உடல் எடையைப் போட்டு அழுத்துவோம். அழுத்திய கை வழுக்கும்போது அந்த எடை முழுவதும் மரத்தின்மேல் இறங்கும். என் மேப்பிள் கட்டையில் விழுந்த கோட்டுக்கு இதுதான் கணக்கு.

ஆகவே துப்பாக்கித் திருப்புளி உளியாக இருக்கக் கூடாது. முனையின் இரு முகங்களும் நுனியிலாவது இணையாக இருக்க வேண்டும். தடிமன் பள்ளத்தை நிறைக்க வேண்டும். நுனி பள்ளத்தின் தரையைத் தொட வேண்டும். அகலம் திருகாணித் தலையின் விட்டத்துக்குச் சமமாக, அதைத் தாண்டாமல் இருக்க வேண்டும். தாண்டினால், தலை அமர்ந்திருக்கும் குழியின் விளிம்பைச் சுற்றிச் சுற்றிச் செதுக்கிவிடும். இத்தனை நிபந்தனைகளையும் ஒரு திருகாணிக்கு நிறைவேற்றிய திருப்புளி அடுத்த திருகாணிக்குப் பெரும்பாலும் ஆகாது. இதற்கெனக் குழிவாகச் சாணை பிடித்த முனைகள் தொகுப்பாகவும் விற்கப்படுகின்றன, நல்லவைதாம். ஆனால் என் பெரியவர் பூட்டியிருந்த திருகாணிகளில் பாதி அவரே பள்ளம் வெட்டியவை. எந்தத் தொழிற்சாலையின் அளவுக்கும் அவை கட்டுப்படவில்லை.

எனவே முதலில் பள்ளத்தைச் சீர்செய்யவும், பிறகு அந்தப் பள்ளத்துக்கு ஏற்பத் திருப்புளியைச் செய்யவும் தீர்மானித்தேன். சிதைந்த திருகாணியை ஒருவழியாக வெளியே எடுத்ததே தனிக் கதை. மூன்று நாள் ஊறுமெண்ணெய் விட்டு, சூடேறிய பற்றாசுக் கோலின் முனையைத் திருகாணித் தலையில் ஐந்தாறு நிமிடம் வைத்து, ஆறவிட்டு, சிறு சுத்தியலால் தட்டி, மறுபடி சூடாக்கியதும்தான் அது அசைந்தது. பிய்ந்து மேலெழுந்த ஓரத்தை வெட்டி எறியக் கூடாது. திருகாணியை ஈயத் தகடு போர்த்திய பிடிப்பானில் நிறுத்தி, அந்த ஓரத்தை மெல்ல மெல்லத் தட்டிப் பழைய இடத்துக்கே மடக்கினால், உலோகம் பெரும்பாலும் திரும்பி வந்துவிடுகிறது. அதன் பிறகு பள்ளத்தைப் புதுப்பிக்க ஓர் ஒடுக்கமான வாள் வேண்டும். இரும்பறுக்கும் வாளின் தகடு 0.6 மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தடிமன்தான். ஆனால் அதன் பற்கள் இடமும் வலமுமாகச் சாய்ந்திருப்பதால் அது அறுக்கும் பள்ளம் அதைவிட அகலமாகிவிடும். எண்ணெய்க் கல்லில் தகட்டைப் படுக்க வைத்து இரு பக்கமும் தேய்த்து, அந்தச் சாய்வை எடுத்துவிட்டால், தகட்டின் தடிமனுக்கே பள்ளம் விழுகிறது. பத்து நிமிட வேலை, உடைந்த வாள் துண்டு, ஒரு மரப்பிடி. நான் செய்தவற்றில் செலவே இல்லாத கருவி இது. அடிக்கடி கைபோவதும் இதன்மேல்தான்.

திருப்புளிக்கு நான் எடுத்துக்கொண்டது கால் அங்குல விட்டமுள்ள, ஓ-1 என்று குறிக்கப்படும் கருவியெஃகுக் கம்பி. நூற்றுக்கு ஏறத்தாழ 0.9 பங்கு கரிமமும், அதோடு மாங்கனீசும், சிறிது குரோமியமும் டங்ஸ்டனும் கலந்த இந்த எஃகு, எண்ணெயில் தோய்த்தாலே கடினமாகிவிடும். தண்ணீரில் தோய்க்கும் எஃகு போல எளிதில் வளைந்தோ வெடித்தோ போவதில்லை. கம்பியின் நுனியைச் செம்மஞ்சள் நிறம் வரும்வரை சூடாக்கி, எனக்குப் பட்டடையாக உதவும் தண்டவாளத் துண்டின்மேல் வைத்துத் தட்டையாக அடித்தேன். நிறம் மங்கிச் செம்மை மறையத் தொடங்கியதும் அடிப்பதை நிறுத்திவிட வேண்டும். ஆறிய எஃகை அடித்தால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு உள்ளே விழும். பிறகு மறுபடியும் சிவக்கக் காய்ச்சி, ஒரு வாளி அடுப்புச் சாம்பலில் புதைத்து இரவு முழுவதும் விட்டேன். மெதுவாக ஆறினால்தான் அது அரத்துக்கு இணங்கும் அளவுக்கு மென்மையாகும். காலையில் சாம்பலைக் கிளறியபோது கம்பியில் இன்னும் வெதுவெதுப்பு இருந்தது.

அரம் போடும் வேலையில்தான் அளவு பிறக்கிறது. முனையைச் சற்றுத் தடிமனாகவே விட்டு, இரண்டு இழுப்புக்கு ஒருமுறை திருகாணியின் பள்ளத்தில் பொருத்திப் பார்த்துக்கொண்டே வந்தேன். அளவுக் கருவி இருந்தாலும் இறுதித் தீர்ப்பைத் திருகாணியிடமே விட்டுவிட வேண்டும். நுனி பள்ளத்தில் இறங்கி, திருகாணியைத் தலைகீழாகத் தூக்கினாலும் ஒரு நொடி தயங்கியே விழும் நிலைதான் சரியான பொருத்தம். முகங்களை இணையாக்க, ஆறங்குலச் சாணைச் சக்கரத்தின் வளைவையே பயன்படுத்தினேன். கம்பியைச் சக்கரத்துக்குத் தொடுகோடாகப் பிடித்து, நுனி மட்டும் தொடும்படி வைத்துத் தேய்த்தால், அந்த முகத்தில் ஆழமற்ற குழிவு விழும்; நுனியருகே முகம் கம்பியின் நடுக்கோட்டுக்கு இணையாகி, மேலே போகப்போகத் தடித்துவிடும். இரு முகமும் ஒரே அளவில் வருவதற்காக, சாணையின் முன்னே ஒரு மரக்கட்டையில் வாய்க்கால் வெட்டி, பின்புறம் ஒரு தடுப்பும் அடித்துக்கொண்டேன். ஒரு முகத்தைத் தேய்த்ததும் கம்பியை அரைச்சுற்றுத் திருப்பித் தடுப்பில் முட்ட வைத்தால் அடுத்த முகமும் அதே அளவில் விழுந்துவிடும். அந்தக் கட்டையைச் செய்ய ஒரு மணிநேரம் ஆனது. அது இல்லாமல் கைக்கணக்கில் முயன்று வீணாக்கிய கம்பிகள் இரண்டு.

வீணானவற்றில் அடுத்த இரண்டு தோய்ச்சலில் போயின. எங்கள் ஊர்க் கொல்லுப்பட்டறையில் அரிவாளுக்குத் தோய்ச்சல் போடும்போது ஆசாரி பட்டறைக் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு இருட்டில் வேலை செய்வதைச் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். வெப்பத்தை அவர் நிறத்தால் அளந்தார் என்பதும், வெளிச்சத்தில் அந்த நிறம் ஏமாற்றும் என்பதும், நானே கம்பியைக் கையில் பிடித்தபோதுதான் உறைத்தது. என்னிடம் அவருடைய கண் இல்லாததால் ஒரு காந்தத்தை வைத்துக்கொண்டேன். இரும்பு 770 டிகிரி செல்சியஸில் காந்தத்துக்கு வசப்படாமல் போகும். ஓ-1 எஃகைத் தோய்ப்பதற்கு 790 முதல் 815 டிகிரி வரை வேண்டும். ஆகவே காந்தம் பிடிவிட்ட பிறகு நிறம் இன்னும் ஒரு படி வெளுக்கும்வரை காத்திருந்து, வெதுவெதுப்பாக வைத்திருந்த சமையல் எண்ணெயில் நேர்செங்குத்தாக இறக்க வேண்டும். சாய்த்து இறக்கினால் ஒரு பக்கம் முந்தி ஆறி, முனை வளைந்துகொள்ளும். எண்ணெய்ப் பாத்திரம் உலோகத்தாலானதாகவும், மூடி கைக்கு எட்டும் தொலைவிலும் இருக்கட்டும். தீப்பற்றினால் மூடியை வைத்து அணைக்க வேண்டுமே தவிரத் தண்ணீரை அருகில் கொண்டுவரவே கூடாது. துத்தநாகம் பூசிய கம்பி, தகடு எதையும் நெருப்பில் காட்டாதீர்கள். அந்தப் புகை ஆளைப் படுக்க வைத்துவிடும்.

தோய்த்த கம்பி அரத்தை வழுக்கிவிட்டது. கடினமாகிவிட்டதற்கு அதுதான் சான்று. அந்த மகிழ்ச்சியில் அப்படியே திருகாணியில் வைத்துத் திருப்பினேன். கண்ணாடி முறிவது போல ஒரு சிறு ஓசையோடு முனையின் ஒரு மூலை உடைந்து எங்கோ பறந்தது. கண்ணில் காப்புக்கண்ணாடி இருந்ததால் இதைச் சிரித்துக்கொண்டு எழுத முடிகிறது. தோய்த்த எஃகை மறுபடி மிதமாகச் சூடாக்கிப் பதம் இறக்காமல் பயன்படுத்தக் கூடாது என்பதை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அடுத்த கம்பியில் பயந்துபோய்ப் பதத்தை அளவுக்கு மீறி இறக்கிவிட்டேன். அது உடையவில்லை, முறுக்கிய கயிறு போலத் திருகிக்கொண்டது.

மூன்றாவது முயற்சியில் நிறங்களை நம்பினேன். தோய்த்த முனையை உப்புத்தாளால் வெள்ளியாகப் பளபளக்கத் தேய்த்து, நெருப்பை முனையில் காட்டாமல் இரண்டு அங்குலம் பின்னால் தண்டில் காட்டினால், வெப்பம் தண்டிலிருந்து முனையை நோக்கி ஊரும். அதற்கு முன்னால் நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டிப் போகும். முதலில் வெளிறிய வைக்கோல் நிறம், 230 டிகிரிக்கு அருகில். பிறகு அது முதிர்ந்து 260-ஐ ஒட்டிப் பழுப்பாகும். 280-இல் கத்தரிப்பூ நிறம். 300-ஐ நெருங்கும்போது மயில்கழுத்து நீலம். திருகுவிசையைத் தாங்க வேண்டிய திருப்புளிக்குக் கத்தரிப்பூ கடந்து நீலம் தொடங்கும் இடம் ஏற்றது. அந்த நிறம் நுனியைத் தொட்ட நொடியில் எண்ணெயில் இறக்கிவிட வேண்டும், ஒரு மூச்சு தாமதித்தாலும் நீலம் சாம்பலாகி, வேலை முதலிலிருந்து தொடங்கும். சமையலறைச் சூளையடுப்பில் இதைச் செய்ய முயன்றதுண்டு. என்னுடையது 260 டிகிரிக்கு மேல் ஏற மறுத்தது. எண்ணெய்ப் புகையில் வீட்டின் தீ எச்சரிக்கை மணி அலறியதும், பட்டறை எதற்கு இருக்கிறது என்று என் மனைவி கேட்டதும்தான் மிச்சம். ஆனால் சுரண்டுகத்திக்கு வைக்கோல் நிறம் போதும். அதற்கு அந்த அடுப்பு 230 டிகிரியில் ஒரு மணிநேரம் மிக ஒழுங்காக நிற்கிறது. அனுமதி கிடைத்தால்.

கைப்பிடிக்கு அதே மேப்பிள் மரத்தின் துண்டுகளை எடுத்தேன். ஆங்கிலத் துப்பாக்கிக் கொல்லர்களின் பழைய திருப்புளிகளில் பிடி உருண்டையாக இல்லாமல் தட்டையான முட்டை வடிவில் இருக்கும். உள்ளங்கையில் அது உருளாது. மேசையில் வைத்தாலும் ஓடாது. மரம் பிளக்காமலிருக்க அரை அங்குலச் செப்புக் குழாயில் ஒரு விரற்கடை அறுத்துப் பூணாக இறக்கினேன்.

இந்தத் திருப்புளியைப் பள்ளத்தில் வைத்துத் திருப்பியபோது உடல் எடையைப் போட வேண்டிய தேவையே இருக்கவில்லை. இரு விரல்களால் நிறுத்தி, மணிக்கட்டைத் திருப்பினேன். பூட்டின் இரண்டாவது திருகாணி, நாற்பதாண்டுத் துருவோடு, கிறீச்சிட்டுக்கொண்டே கிளம்பியது.

பூட்டு வெளியே வந்ததும் அடுத்த கருவியின் தேவை வந்தது. பூட்டு என்று இத்துறையில் சொல்வது, குதிரையையும் அதை இயக்கும் விற்களையும் தாங்கிய பக்கத்தகட்டு அமைப்பை. இந்நாளில் விரல் வைத்து இழுக்கும் விசையையே குதிரை என்று பலரும் எழுதுகிறார்கள். பழைய அகராதிப் பொருளோ, பின்னுக்கு இழுத்து நிறுத்தப்பட்டு, முன்னோக்கிப் பாய்ந்து அடிக்கும் உறுப்பு. பாய்வதால்தான் குதிரை. அதைப் பாய வைப்பது 'வி' எழுத்துப்போல் மடங்கிய முதன்மை வில். அந்த வில்லைக் குறட்டால் நெம்பி எடுக்க நினைப்பவர்கள் இரண்டில் ஒன்றைச் சம்பாதிப்பார்கள்: உடைந்த வில் அல்லது கிழிந்த விரல். குதிரையை முழுதாகப் பின்னுக்கு இழுத்து நிறுத்தினால் வில் தானாகவே ஒடுங்கி நிற்கும். அந்த நிலையிலேயே அதை ஒரு கவ்வியால் பிடித்துக்கொண்டு குதிரையைக் கையால் தாங்கி இறக்கினால், வில் தளர்ந்து கையோடு வந்துவிடும். கவ்வியை நான் விரல் தடிமனுள்ள இரும்புப் பட்டையில் அறுத்தேன். ஒரு பக்கம் வில்லின் மேற்கையைத் தாங்கும் நிலையான உதடு. மறுபக்கம் திருகாணியால் நகரும் உதடு. உதடுகளின் ஓரங்களை முழுக்க மழுங்கடித்து, உட்புறம் பளபளவென்று தேய்த்துவிட வேண்டும், ஏனென்றால் வில்லின்மேல் விழும் ஒரு சிறு குறுக்குக் கீறல்கூடப் பின்னாளில் அது முறியும் இடமாகிவிடும். தேவைக்கு மேல் இறுக்கவும் கூடாது; பிடித்து நிறுத்தினால் போதும்.

குழலைக் கட்டையோடு பிடித்திருப்பவை திருகாணிகள் மட்டுமல்ல. பென்சில்வேனியா வகையில், கட்டையின் குறுக்கே ஊடுருவும் தையலூசி போன்ற மெல்லிய ஆணிகள் குழலின் அடிக்கொக்கிகளைக் கோத்து நிற்கும். அவற்றை வெளியேற்றும் குத்தூசி ஆணியைவிட ஒரு மயிரிழை மெல்லியதாக, நுனிவரை ஒரே தடிமனாக இருக்க வேண்டும். கூம்பு வடிவில் இருந்தால் உள்ளே போகப்போகத் தடித்து, துளையின் மரவிளிம்பைச் சில்லாகப் பெயர்த்துவிடும். உடைந்த சிறு துளையூசிகளின் வழவழப்பான அடித்தண்டு இதற்கென்றே அமைந்தது போல இருக்கிறது. ஒரு பித்தளைக் கம்பியின் நடுவே துளையிட்டு அதைச் செருகிவிட்டால் கருவி தயார். பிடிப்பானின் பற்கள் எதையும் கடிக்காமலிருக்கப் பழைய இடுப்புவாரின் தோலை இரண்டாக வெட்டி ஒட்டியதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

மீதமிருந்தது குழற்பள்ளம். அலைமேப்பிளின் அழகே அதன் சாபமும்கூட. புலிவரி போலத் தெரியும் அந்தப் பட்டைகள், மரத்தின் நார்கள் மேலும் கீழுமாக அலைந்து வளர்ந்ததால் உண்டாவன. உளி ஓர் அலையில் நாரோடு போகும். அடுத்த அலையில் நாருக்கு எதிராகப் புகுந்து ஒரு பொருக்கைப் பெயர்த்தெடுக்கும். சுரண்டுகத்தியோ நாரின் திசையைப் பார்ப்பதில்லை. தூளாகவும் சுருளாகவும் மேலோட்டமாகச் சீவிக்கொண்டே போகும். தேய்ந்துபோன ஓர் அரத்தைக் காய்ச்சி மென்மையாக்கி, பற்களைத் தேய்த்தெறிந்து, நுனியை மண்வெட்டி போல மடித்து, எண்பட்டைக் குழலின் ஒரு முகத்தின் அகலத்துக்கே விளிம்பை வெட்டி, தோய்த்து, வைக்கோல் நிறத்தில் பதமிறக்கினேன். பள்ளத்தின் தரைக்கு ஒன்று, சாய்முகங்களுக்கு ஒன்று.

எங்கே சுரண்டுவது என்று சொல்லும் கருவி ஒரு மண்ணெண்ணெய் விளக்கு. திரியை உயர்த்தி விளக்கைப் புகைய விட்டு, குழலின் அடிப்பகுதியை அந்தப் புகையில் காட்டிக் கரி பூசி, பள்ளத்தில் வைத்து, மேலே கைப்பிடியால் மெல்லத் தட்டி, நேராகத் தூக்கினால், மரம் எங்கெல்லாம் மேடாக இருக்கிறதோ அங்கெல்லாம் கரி ஒட்டியிருக்கும். கரி பட்ட இடத்தை மட்டும் ஓர் இழுப்பு சுரண்டிவிட்டு மறுபடி குழலை இறக்க வேண்டும். முதல் நாள் நான்கே இடத்தில் கரி ஒட்டியது. பன்னிரண்டாம் நாள் பள்ளம் முழுவதும் மழைத்தூறல் விழுந்த மண் போலப் புள்ளி புள்ளியாகக் கறுத்திருந்தது. முனையை அழுத்தினேன், மறுமுனை எழும்பவில்லை.

இப்போது பட்டறைச் சுவரில் ஒரு பலகையில் துளையிட்டு ஒன்பது திருப்புளிகளைச் செருகி வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றின் பூணிலும் எந்தத் திருகாணிக்கு உரியது என்பதற்கு அடையாளமாக அரத்தால் கோடுகள் வெட்டியிருக்கிறேன். பூட்டுக்கு ஒரு கோடு, குழல்வாலுக்கு இரண்டு, விசைக்காப்புக்கு மூன்று. பூட்டி முடித்தபோது, நல்ல துப்பாக்கிகளில் இருப்பதுபோல, மேலே தெரியும் திருகாணிகளின் பள்ளங்களெல்லாம் குழலின் நீளவாக்கில் ஒரே வரிசையில் நிற்கும்படி பார்த்துக்கொண்டேன். யாராவது தொட்டால் உடனே தெரிந்துவிடும். பலகையின் பத்தாவது துளை காலியாக இருக்கிறது. சக்கிமுக்கிக் கல் உரசும் எஃகுத் தகட்டின் சிறுவில்லைப் பிடித்திருக்கும் குட்டித் திருகாணிக்கான இடம் அது. அதன் பள்ளம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. அதற்கான முனையை இரண்டு முறை செய்தேன், இரண்டும் நீலத்தைத் தாண்டிப் போய்விட்டன. கம்பி இன்னும் ஒரு சாண் மிச்சமிருக்கிறது.